கல்லைக் கழித்தால் எத்தனை பவுண்?

கல்முனைப் பக்கத்து நகைக்கடைகளில் தராசுக்குத்தான் முதல் மரியாதை. நகை அழகாயிருக்கிறதா என்ற கேள்வி பிறகு வரும். முதலில் அதைத் தட்டில் வைத்து, எண் அசையாமல் நிற்கும்வரை குடும்பமே மூச்சைப் பிடித்துக்கொள்ளும். எட்டுக் கிராம் ஒரு பவுண். மருதமுனையிலிருந்து பொத்துவில்வரை, கலியாணப் பேச்சு நடக்கிற எந்த வீட்டிலும் இந்த வாய்பாடு தெரியாத உம்மம்மா கிடையாது. கணக்குப் பாடத்துக்குப் பயந்து ஐந்தாம் வகுப்போடு நின்றவர்கூட, மூன்றே முக்கால் பவுண் காப்புக்குச் செய்கூலியும் சேதாரமும் சேர்த்து என்ன வருமென்று கடைக்காரரின் கல்குலேட்டரை முந்திச் சொல்லிவிடுவார்.

இப்படிப்பட்ட கரைக்கு இப்போது 'டிசைனர் மோதிரம்' வந்து சேர்ந்திருக்கிறது.

வந்தது வட்ஸ்அப் வழியாக. பெண் ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். மாப்பிள்ளைக்குக் கட்டாரில் வேலை. நிச்சயத்தன்று மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் தட்டங்களோடு போய் மோதிரம் போட வேண்டும். எந்த மோதிரம் என்பது அதுவரை மாப்பிள்ளையின் உம்மாவுடைய இலாகாவாகவே இருந்தது. பெண் ஒரு படத்தை மாப்பிள்ளைக்கு அனுப்பினாள். மாப்பிள்ளை அதை ராத்தாவுக்குத் தள்ளினான். ராத்தா குடும்பக் குழுமத்தில் போட்டு, கீழே ஒரு வரியும் எழுதினாள்: "இது மாதிரி வேற ஆருக்கிட்டயும் இருக்கக் கூடாதாம்." ஆகவே உம்மா, ராத்தா, சாச்சி, கார் ஓட்டுவதற்கு இதை எழுதுகிறவர் என நால்வர் கொண்ட குழுவொன்று கடைக்குப் புறப்பட்டது. எழுதுகிறவர் மாப்பிள்ளைக்கு மாமா முறை. கல்லுக்குத் தரும் சான்றிதழில் ஆங்கிலம் இருக்குமாம். அதை வாசிக்கவும் ஆள் வேண்டுமல்லவா?

படத்திலிருந்தது, உலகத்தில் மிக அதிகமானோரிடம் இருக்கிற 'வேறு ஆரிடமும் இல்லாத' மோதிரம். 1981 பெப்ரவரியில் இளவரசர் சார்ள்ஸ் டயானாவுக்குப் போட்டது. நடுவில் 12 கரட் நீள்வட்ட நீலக்கல், சுற்றிவர 14 வைரங்கள், 18 கரட் வெள்ளைத் தங்கம். கல் இலங்கைக் கல். அரண்மனைக்கென்று தனியாக வரைந்து செய்ததுமல்ல. இலண்டனில் கராட் என்ற நகைக்கடையின் பட்டியலில், காசுள்ள எவரும் கேட்டு வாங்கக்கூடியதாக இருந்தது. எதிர்கால மகாராணி பட்டியலைப் பார்த்து மோதிரம் எடுப்பதா என்று அப்போதே சிலர் முகம் சுளித்தார்கள். 2010 நவம்பரில், அதையே கேட்டுக்குப் போட்டிருப்பதாக மகன் வில்லியம் அறிவிக்க, சீனாவின் யிவூ நகரத்துத் தொழிற்சாலைகள் நகல்களைக் கொட்டத் தொடங்கின. இலங்கை மண்ணில் பிறந்த கல் இலண்டனுக்குக் கல்லாகப் போனது, சீனாவுக்குப் படமாகப் போனது, கல்முனை பென்சிக் கடைக்குக் கண்ணாடியாகத் திரும்பி வந்தது.

"அந்த மோதிரம் அப்ப என்ன விலையாம்?" என்று காரில் சாச்சி கேட்டார்.

"ஏறக்குறைய 28,000 பவுண்" என்றார் எழுதுகிறவர்.

சாச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை. எட்டால் பெருக்கிக்கொண்டிருந்திருக்கிறார். 224 கிலோ. "அந்தப் புள்ள கையை எப்பிடிக்கா தூக்கின?" என்று உம்மாவிடம் கேட்டார்.

இந்தத் தீவின் கல்லைப் பற்றி உலகம் வாய் பிளந்தது நேற்றோ முந்தாநாளோ அல்ல. 1344இல் இங்கே வந்த இப்னு பதூதா, ஆரியச் சக்கரவர்த்தியிடம் உள்ளங்கை அளவில் ஒரு மாணிக்கக் கிண்ணத்தைக் கண்டதாக எழுதி வைத்திருக்கிறார். தீவின் பெண்கள் வளையலுக்கும் தண்டைக்கும் பதிலாக நிறக்கற்களையே அணிகிறார்கள் என்றும் எழுதினார். அவர் கல்முனைக் கடைவீதிக்கு வந்திருந்தால் அந்த வரியை வேறுமாதிரி எழுதியிருப்பார். 2012இல் கதிர்காமத்துக்குப் பக்கத்தில் தம்மன்னாவ என்ற இடத்து மண்ணை அள்ளி வீதி வேலைக்குக் கொட்டினார்கள். அந்த மண்ணில் நீலக்கல் கிடந்தது. சனம் வீதியையே அரித்துப் பார்க்கத் திரண்டது. நமக்குப் பக்கத்து மாவட்டமான மொனராகலையில், ஒக்கம்பிட்டியில், குழி தோண்டிக் கல்லெடுப்பது பழைய தொழில். சீனன்கோட்டையில், பேருவளை முஸ்லிம்கள் தெருவில் நின்றபடியே காகிதப் பொட்டலத்தைப் பிரித்து இலட்சக்கணக்கில் கல் பேரம் பேசுகிறார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. 1860இல் காலியில் ஆரம்பித்த ஓ.எல்.எம். மாக்கான் மாக்கார் இரத்தினக்கல் நிறுவனத்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தக் குடும்பத்து முகம்மது மாக்கான் மாக்கார் 1931இல் முதலாவது அரசாங்க சபைக்குத் தெரிவாகி அமைச்சருமானார். தெரிவு செய்த தொகுதி மட்டக்களப்புத் தெற்கு. அம்பாறை மாவட்டம் 1961இல்தான் பிரிந்தது. ஆகவே மட்டக்களப்புத் தெற்கு என்றால் நம் கரைதான். தீவின் பேர்பெற்ற கல் வியாபாரக் குடும்பத்துக்கு வாக்குப் போட்டு அமைச்சராக்கியவர்களின் பேரப்பிள்ளைகள் கல் வைத்த மோதிரத்தைக் கண்டதும் கேட்கிற முதல் கேள்வி: "கல்லைக் கழிச்சா எத்தின பவுண்?"

கடையிலும் அதுதான் நடந்தது. முதலாளி ஒரு நீலக்கல் மோதிரத்தை வெல்வெட்டில் வைத்து நீட்டினார். சாச்சி அதைக் கையில் வாங்கி, மேலும் கீழுமாக இரண்டு தரம் ஆட்டினார். அவருடைய கை தராசுக்கு ஒரு கிராம் இப்படி அப்படி. "பொத்தலா கிடக்கு" என்று திருப்பிக் கொடுத்தார்.

சாச்சியைக் குறை சொல்ல முடியாது. கல்லின் கணக்கு எந்த நியாயத்துக்கும் அடங்காதது. 1926இல் பெல்மதுளையில் கிடைத்த 'ஆசியாவின் நீல அழகி' என்ற கல்லின் எடை 392.52 கரட். ஐந்து கரட் ஒரு கிராம் என்பதால் அது 78.5 கிராம், நம் பாஷையில் பத்துப் பவுணுக்குச் சற்றுக் குறைவு. 2014இல் ஜெனீவா ஏலத்தில் அது போன விலை ஒரு கோடியே 73 இலட்சம் டொலர். 2025 அக்டோபரில் தங்கம் அவுன்ஸ் 4,000 டொலரைத் தாண்டி உலகமே அலறியபோதுகூட, எட்டுக் கிராம் சுத்தத் தங்கம் ஆயிரத்துச் சொச்சம் டொலர்தான். பத்துப் பவுண் தங்கத்தைக் கொடுத்தால் சில மோட்டார் சைக்கிள்கள் வரும். அதே எடைக் கல்லைக் கொடுத்தால் கல்முனை நகரின் ஒரு பக்கத்தை வாங்கலாம். இந்த விலையை யார் தீர்மானித்தது, எந்தத் தராசு சொன்னது என்று சாச்சி கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை.

தங்கத்துக்கு உரைகல் உண்டு, 916 என்ற முத்திரை உண்டு, நாளாந்த விலை உண்டு. கல்லுக்கு விற்பவரின் வாய்தான் உண்டு. அந்த வாயை நம்பாததற்கு வரலாற்றுக் காரணமும் இருக்கிறது. பால் போல மங்கிக் கிடக்கும் கியூடா என்ற கல்லை இலங்கையர் ஒதுக்கிப் போட்ட காலம் ஒன்றிருந்தது. 1970களில் தாய்லாந்து வியாபாரிகள் வந்து அதை மலிவாக அள்ளிப்போய், சூளையில் சூடாக்கி, பளீரென்ற நீலமாக்கி உலகத்துக்கு விற்றார்கள். அதற்கும் முன்னால், 1902இல், ஒகுஸ்ட் வெர்நொய் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி தீச்சுவாலையில் செயற்கை மாணிக்கம் செய்யும் வழியை வெளியிட்டார். நீலக்கல்லும் பின்னால் வந்தது. இரசாயனத்தில் அதுவும் அசலும் ஒன்று, விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். வெறுங்கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. தெரிய வேண்டுமானால் கொழும்பில் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையின் பரிசோதனைக்கூடம் வரை போக வேண்டும். கல்முனையிலிருந்து கொழும்பு பஸ்ஸில் ஓர் இரவு.

2004 டிசம்பர் 26ஐயும் மறக்கக் கூடாது. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது கரையில் வீட்டையும் அலுமாரியையும் கடல் கொண்டுபோன பலருக்கு, உடம்பில் கிடந்த நகைதான் கையில் மிஞ்சிய காசு. கடைக்குப் போய் வைத்தவுடன் பணமாகும் பொருள் எது, ஆகாத பொருள் எது என்பதை அந்த வாரத்தில் படித்தவர்களுக்கு 'டிசைன்' என்று யாரும் வகுப்பெடுக்க முடியாது.

மறுபக்கத்தில், மோதிரத்தை ஒரு கடமையாக ஆக்கிய வெள்ளைக்காரரின் கதையும் பெரிய யோக்கியமானதல்ல. ஒஸ்திரிய இளவரசர் மக்சிமிலியன் 1477இல் பர்கண்டி மேரிக்கு வைர மோதிரம் கொடுத்தார் என்பதை எல்லா வைரக் கடைகளும் பெருமையாகச் சொல்லும். அதற்குப் பிறகு ஏறக்குறைய ஐந்நூறு வருடம் சாதாரணச் சனம் வைரமில்லாமல்தான் கலியாணம் முடித்துப் பிள்ளை பெற்றது. 1947இல் டி பியர்ஸ் நிறுவனத்துக்காக பிரான்சிஸ் ஜெரட்டி என்ற விளம்பர எழுத்தாளர், வைரம் என்றென்றும் நிலைப்பது என்ற கருத்தில் ஒரு வாசகத்தை எழுதிக் கொடுத்தார். அமெரிக்கா மடங்கி விழுந்தது. ஜெரட்டி கடைசிவரை கலியாணம் முடிக்கவில்லை. 1980களில் அதே நிறுவனம், மாப்பிள்ளை தன் இரண்டு மாதச் சம்பளத்தை மோதிரத்துக்குச் செலவழிக்க வேண்டும் என்று ஒரு கணக்கையும் கிளப்பிவிட்டது. ஜப்பானியருக்கு மூன்று மாதம்.

இந்தக் கணக்கை நம் கரையில் சொன்னால் பெண்ணின் வாப்பா சிரிப்பார். அல்லது அழுவார். ஏனென்றால் இங்கே கலியாணம் முடித்த மாப்பிள்ளை போய் இருப்பது பெண்ணின் வீட்டில். அந்த வீட்டைக் கட்டிக் கொடுப்பது பெண்ணைப் பெற்றவர். மூன்று அறை, ஹோல், தரைக்கு டைல்ஸ், மாப்பிள்ளைக்கு ஏசி. மூத்த மகள் பிறந்த வருடம் அத்திவாரம் போட்டு, அவளுக்கு இருபது வயதாகும்போது கூரை போட்டவர்கள் இருக்கிறார்கள். பெண்ணின் வாப்பா இருபது வருடச் சம்பளம் கொடுக்கும் இடத்தில், மாப்பிள்ளை இரண்டு மாதச் சம்பளம் கொடுப்பதை உலகம் காதல் என்கிறது. 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தில் மஹர் பேசப்படுகிறது, கைக்கூலிகூடப் பேசப்படுகிறது. நிச்சய மோதிரத்தைப் பற்றி ஒரு மூச்சும் இல்லை.

மார்க்கம் மோதிரத்தைப் பற்றிச் சொல்லியிருக்கிறது. மஹர் கொடுக்க எதுவுமில்லை என்று நின்ற ஒருவரிடம் ஓர் இரும்பு மோதிரமாவது தேடிப் பாருங்கள் என்று நபிகளார் சொன்னதும், அதுவும் கிடைக்காதபோது அவருக்கு மனனமாயிருந்த குர்ஆனையே மஹராக்கி முடித்து வைத்ததும் புகாரியில் இருக்கிறது. கலியாண மாதங்களில் இந்த ஹதீஸைக் கேட்காமல் ஒரு ஜும்ஆ கழியாது. மிம்பரடியில் இருக்கும் அத்தனை பேரும் தலையாட்டுவார்கள். வெளியே வந்து செருப்பைத் தேடும்போதே ஒருவர் மற்றவரிடம் கேட்பார்: "மகளுக்கு எத்தின பவுண் போடுறீங்க?"

கடையில் அடுத்த சிக்கல் தங்கத்தின் கரட்டில் வெடித்தது. படத்திலிருப்பதுபோல் நுணுக்கமாகக் கல் பதிக்க 18 கரட்தான் தோது என்றார் முதலாளி. 22 கரட் மெதுமையான பொன். கல்லைப் பிடித்திருக்கும் மெல்லிய நகங்கள் நாளடைவில் தேய்ந்து வளையும், ஒருநாள் கல் கழன்று விழும். அவர் சொன்னது உண்மை. 18 கரட்டில் நாலில் மூன்று பங்குதான் தங்கம், மிச்சம் செம்பும் வெள்ளியும் என்பதும் உண்மை. முதல் உண்மை உம்மாவின் காதில் ஏறவில்லை.

"அப்ப நாலில ஒரு பங்கு செம்புக்கு நான் தங்கக் காசு தாறதா தம்பி?"

"செம்புக்குக் காசில்ல ராத்தா. வேலைக்குத்தான்."

"வேலையைத் திரும்ப விக்கலாமா?"

முதலாளி தேத்தண்ணிக்குச் சொல்லியனுப்பினார்.

இந்த நேரத்தில் ராத்தா ஒரு நல்ல கேள்வி கேட்டாள்: "கல்லு இவ்வளவு உயரமா நிண்டா, ரொட்டிக்கு மாக் குழைக்கிறது எப்பிடி?" மோதிரம் வரைகிறவர்களுக்கு இந்தக் கேள்வி வருவதே இல்லை. 1886இல் டிஃபனி நிறுவனம் ஆறு நகங்களால் கல்லைத் தூக்கி நிறுத்தும் அமைப்பைக் கொண்டுவந்தது; ஒளி நாலாபக்கமும் புகுந்து வைரம் மினுங்கும் என்பது அதன் மகிமை. அதற்குள் தேங்காய்ப்பூவும் புகும் என்பதை நியூயோர்க்கில் யாரும் யோசிக்கவில்லை. அபாயாவின் நூல் மாட்டும், முந்தானை மாட்டும், பிள்ளையின் கன்னத்தைக் கீறும். மோதிரம் இறுக்கமாயிருந்தால் வுழூ எடுக்கும்போது அடியில் தண்ணீர் படச் சுழற்ற வேண்டும், ஒரு நாளைக்கு ஐந்து தரம். ஆகவே நகங்களை விட்டுவிட்டு, கல்லைச் சுற்றி ஒரு மெல்லிய தங்கச் சுவர் எழுப்பி அதற்குள் கல்லைத் தாழ உட்காரவைப்பது என்று முடிவானது. இது பழைய முறை, நம் பட்டறைக்காரர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு, 22 கரட்டுக்கும் ஒத்துவரும். சுவருக்குத் தங்கம் கூடவே பிடிக்கும் என்பதால் சாச்சியும் அன்று முதல் தடவையாகச் சிரித்தார்.

கல் எது? இங்கே முதலாளி தன் திறமையைக் காட்டினார். நீலக்கல் இனத்தில் நீலம் ஒரு நிறம் மட்டுமே. மஞ்சள், இளஞ்சிவப்பு, ஊதா எல்லாம் இந்த மண்ணில் கிடைக்கின்றன. தாமரை நிறத்துப் பத்மராகம் எல்லாவற்றிலும் அரியது. 2018இல் இங்கிலாந்தின் இளவரசி யூஜினி நிச்சயத்துக்குப் போட்டது அதைத்தான். அதன் விலையைக் கேட்டதும் குழு எழுந்து நின்றுவிட்டது. ஆகவே ஒரு கரட்டுக்குச் சற்றுக் கூடிய, கத்தரிப்பூ நிறக் கல் ஒன்றைப் பொட்டலத்திலிருந்து எடுத்தார். கடினத்தில் வைரம் 10 என்றால் இது 9. கடற்கரை மணலிலுள்ள குவார்ட்ஸ் 7தான், கீறாது. மஃரிபுக்குப் பிறகு கல்முனைக் கடற்கரையில் மணலை அளைந்துகொண்டே மாப்பிள்ளையோடு கதைக்கலாம். கட்டாருக்கு வீடியோ அழைப்புப் போனது. உம்மா கல்லைக் கமராவின் வாய்க்குள்ளேயே வைத்தார். அந்தப் பக்கம் மாப்பிள்ளைக்கு ஓர் ஊதா மேகம் தெரிந்திருக்கும். "நல்லாரிக்கும்மா" என்றான். பெண்ணுக்குப் படம் போனது. மூன்று இதயம் வந்தது.

மாப்பிள்ளைக்குப் போடுவது பெண் வீட்டார் பொறுப்பு. ஆணுக்குத் தங்கம் ஹராம் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நபிகளார் அணிந்தது வெள்ளி. அதில் பெயர் பொறித்து முத்திரையாகவும் பாவித்தார்கள். ஆனால் பெண்ணின் தம்பி யூடியூபில் படித்துவிட்டு வந்து, வெள்ளைத் தங்கம் போடலாம், அது மஞ்சளாக இல்லையே என்று வாதாடினான். வெள்ளைத் தங்கமென்பது பலேடியமோ நிக்கலோ கலந்து, மேலே ரோடியம் பூசிய தங்கம். பெண்ணின் வாப்பா ஒரே வசனத்தில் தீர்ப்புச் சொன்னார்: "மனே, ஆடு வெள்ளையாயிருந்தா மீனாகுமா?" வெள்ளியில் செய்யச் சொல்லி அன்றே ஓடர் கொடுத்தாயிற்று. வெள்ளி மோதிரம் வந்ததும் மாப்பிள்ளையின் உம்மா அதை வாங்கிப் பார்த்தார். எடை கேட்கவில்லை. வெள்ளிக்குப் பவுண் கணக்கில்லையே.

விரல் அளவுதான் கடைசிச் சோதனை. பெண்ணுக்குத் தெரியாமல் அளவெடுக்க வேண்டுமென்று ஆங்கிலப் படங்களில் பார்த்த ராத்தா, பெண்ணின் தோழி மூலம் ஒரு நூலில் அளவெடுப்பித்தாள். நூல் இழுபடும் என்பதை யாரும் சொல்லவில்லை. விரல் அடியை அளந்தால் போதாது, மூட்டு மொழியைத் தாண்ட வேண்டும் என்பதையும் சொல்லவில்லை. நிச்சயத்தன்று, வட்டிலப்பமும் மஸ்கட்டும் வாழைப்பழச் சீப்பும் நிறைந்த தட்டங்களுக்கு நடுவில், மோதிரம் மொழியில் வந்து நின்றுவிட்டது. பெண்ணின் உம்மா சவர்க்காரம் எடுத்து வரச் சொன்னார். சாச்சி பெண்ணின் கையை மேலே தூக்கிப் பிடித்து, "இரத்தம் இறங்கட்டும்" என்று ஆஸ்பத்திரித் தாதிபோல உத்தரவு போட்டார். மோதிரம் ஏறியது. படம் எடுத்தார்கள். ஸ்டேட்டஸில் போட்டார்கள்.

மறுநாள் மத்தியானம் முதலாளி ராத்தாவுக்கு ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தார். சாய்ந்தமருதிலிருந்தும் நிந்தவூரிலிருந்தும் இரண்டு குடும்பங்கள் படத்தோடு வந்துவிட்டார்களாம். அதே டிசைன் வேண்டுமாம். செய்யலாமா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கிறாராம். ராத்தா பதில் சொல்வதற்குள் அடுத்த பதிவு வந்தது. நிந்தவூர்க்காரர்களுக்கு எல்லாம் பிடித்திருக்கிறதாம், ஒரேயொரு மாற்றம்தானாம்: அந்தக் கத்தரிப்பூக் கல்லை எடுத்துவிட்டு, அந்த இடத்தையும் தங்கத்தால் நிரப்பித் தர முடியுமா என்று கேட்கிறார்களாம்.